கேட்டது ஒன்று, வருவது வேறு

கேள்வி: அம்மாவுக்காக மூட்டுவலி பற்றி இரண்டு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து யூடியூப் முழுக்க எண்ணெயும் மூலிகையும்தான். ‘விருப்பமில்லை’யை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: இருப்பதிலேயே வலுவில்லாத பொத்தானை அழுத்துகிறீர்கள். ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னாலுள்ள மோசில்லா அறக்கட்டளை 2022-இல் இருபதாயிரத்துக்கும் அதிகமானோரின் யூடியூப் பரிந்துரைகளை ஆராய்ந்தது. வேண்டாத பரிந்துரைகளில் ‘விருப்பமில்லை’ தடுத்தது 11 சதவீதம்; டிஸ்லைக் 12; பார்த்த வரலாற்றிலிருந்து வீடியோவை நீக்குவது 29; ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ 43. எதுவுமே பாதியைக்கூடத் தொடவில்லை. ஆகவே கடைசி இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

முதலில் வரலாறு பக்கத்துக்குப் போய் அந்த வீடியோக்களைத் தேடி, பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்குங்கள். தேடல் வரலாறு தனியாகச் சேமிக்கப்படுகிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ‘மூட்டுவலி’ என்று தட்டியதையும் அழியுங்கள். பிறகு முகப்பில் வரும் ஒவ்வொரு வைத்தியச் சேனலையும் தடுத்துவிடுங்கள். ‘இதில் என்னதான் உளறுகிறார்கள்’ என்று திறந்து பார்க்காதீர்கள். கோபத்தில் பார்த்தாலும் அது பார்த்த கணக்குதான்.

இனி அடுத்தவருக்காகத் தேடும்போது மறைநிலையில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். வரலாற்றை மொத்தமாக அழித்து நிறுத்தியும் வைக்கலாம். அப்படிச் செய்தால் முகப்பு ஏறக்குறைய காலியாகிவிடும்; சப்ஸ்கிரைப் செய்த சேனல்கள் அதற்குரிய பகுதியில் வழக்கம்போல வரும்.

கேள்வி: ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நண்பர்கள் போடுவது கண்ணில் படுவதே இல்லை. யார் யாரோ வருகிறார்கள். நான் எதற்கும் லைக் கூடப் போடுவதில்லையே?

பதில்: லைக் தேவையில்லை. எந்தப் பதிவில் எத்தனை நொடி நின்றீர்கள், எதை முழுக்கப் பார்த்தீர்கள், எதைப் பகிர்ந்தீர்கள் என்பதே போதும். உங்களைப் போலவே நின்று பார்த்த மற்றவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்களோ, அது உங்களுக்கும் வரும். ஃபேஸ்புக் 2006-இல் நியூஸ் ஃபீடைத் (முகப்பில் ஓடும் பதிவுகளின் வரிசை) தொடங்கியபோது நண்பர்கள்தான் அதன் சரக்கு. டிக்டாக் வந்தபின் எல்லாத் தளங்களும் நண்பர்களைவிட நம் ஆர்வத்தின் பக்கம் சாய்ந்துவிட்டன. ஃபேஸ்புக் மெனுவில் ‘ஃபீட்ஸ்’ என்ற பகுதியில் நண்பர்களை மட்டும் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் ‘ஃபாலோயிங்’ உண்டு. என்ன, ஒவ்வொரு முறையும் நாமே தேடிப் போகவேண்டும்!

கேள்வி: எதைக் காட்டுவது என்று தானே முடிவெடுக்கும் எந்த அல்காரிதமும் இல்லாமல், நான் தேர்ந்தெடுத்த தலைப்புகள் மட்டும் வர வழி உண்டா?

பதில்: ஆர்.எஸ்.எஸ். பெயரைப் பார்த்து வேறெதையும் நினைக்கவேண்டாம். தளங்கள் புதிதாக வெளியிடுவதை ஒரே இடத்தில் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும், 1999-இல் பிறந்த இணையத் தொழில்நுட்பம் இது. ஃபீட்லி போன்ற ஒரு ரீடரில் (இப்படி வருவதைப் படிப்பதற்கான செயலி) தளத்தின் முகவரியை ஒட்டினால், பெரும்பாலும் அதுவே அந்தத் தளத்தின் ஃபீடை, அதாவது புதுப்பதிவுப் பட்டியலை, கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேருங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளமானால் அநேகமாக வேலை செய்யும்.

முதல் நாளே நூறு தளங்களைச் சேர்ப்பவர்கள் ஒரே வாரத்தில் ‘படிக்காதவை 1000’ என்பதைப் பார்த்து மிரண்டு ஓடிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்தில் தொடங்குங்கள். நாளுக்கு ஐம்பது செய்தி கொட்டும் தளங்களைத் தவிர்த்து, அரிதாக எழுதும் நல்ல தளங்களைச் சேருங்கள், ஆர்.எஸ்.எஸ்.ஸின் அருமை அங்கேதான் தெரியும். சேர்த்த தளங்களின் பட்டியலை அவ்வப்போது, பிற ரீடர்களும் ஏற்கும் ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கி வையுங்கள். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பட்டியலை இறக்கி வைத்தவர்கள் சில நிமிடங்களில் வேறு ரீடருக்குக் குடிபோக முடிந்தது.