இந்தியச் சிறையில் இருக்கும் வெளிநாட்டுப் பெண்களுக்கு நடைமுறையில் என்ன சிக்கல்? வெளியிலிருந்து எப்படி உதவலாம்?

போதைப்பொருள் வழக்கோ விசா வழக்கோ, எதுவானாலும் இவர்களை வருடக்கணக்கில் உள்ளே வைத்திருப்பதில் பாதிப் பங்கு வெளியே ஆள் இல்லாததற்குத்தான். மனு போட்டுப் பார்க்க, மாற்றுத் துணி கொடுக்க, வக்கீலிடம் வாய்தா தேதி கேட்க யாருமில்லை. திகார் ஆறாம் எண் சிறையிலும் சரி, மும்பை பைக்குலாவிலும் சரி, சென்னை புழலிலும் சரி, இதுதான் நிலை.

முதல் சிக்கல் கையெழுத்து. கைதுக் குறிப்பு, பறிமுதல் மகஜர், வாக்குமூலம் எல்லாம் அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கும். கையெழுத்துக்குப் பக்கத்திலேயே தன் மொழியில் "எனக்கு இதைப் படிக்கத் தெரியாது" என்று அவர் எழுதினால், பின்னால் குறுக்கு விசாரணையில் அது பெரிய உதவி. போதைப்பொருள் சட்டம் 67ஆம் பிரிவில் அதிகாரி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாதென்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் கேட்டால்தான் சொல்லுவார்கள். சொந்த நாட்டு அரசுக்குப் பயந்து அகதியாக வந்தவர் கேட்காமல் இருப்பதே நல்லது. இலவச வக்கீலுக்குக் குடியுரிமையும் வருமானமும் தடையில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் அதைத் தருகிறது. அந்த ஆணையத்தின் உதவி எண் 15100க்கு அழைத்துப் பெயர், சிறை, வழக்கு எண் சொல்லுங்கள்.

ஜாமீன்தான் பெரிய மதில். ஹெராயின் 250 கிராம், கோகெய்ன் 100 கிராம் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சம் பத்தாண்டு தண்டனை. போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஜாமீனை இறுக்கிப் பிடிக்கும். பெண் என்பதால் பொதுச் சட்டம் தரும் சலுகை அங்கே எடுபடாது. ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும், முகவரி வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளிடம் பதிய வேண்டும். சிறையிலிருந்து வருபவர் என்றதும் வீட்டுக்காரர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆகவே ஜாமீன் மனு போடும்போதே ஒரு விடுதியோ காப்பகமோ எழுத்தில் ஒப்புக்கொண்ட கடிதத்தை வாங்கி வையுங்கள். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி காட்டியிருக்கிறது. தப்பிக்க மாட்டார் என்று தூதரகம் சான்று தர வேண்டும் என்ற நிபந்தனையும் கட்டாயமில்லை: தூதரகம் தராமல் இழுத்தால் நீதிமன்றம் அதை விட்டுவிடலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2024ஆம் ஆண்டு ஃபிராங்க் வைடஸ் தீர்ப்பு.

உள்ளே பணமும் பேச்சும் இல்லாததுதான் வாட்டும். சோப்பு, சிறைச் சாப்பாட்டில் இல்லாத தின்பண்டம் எல்லாம் சிறைக் கேன்டீனில் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்புவது கடினம். தூதரகம் வழியாகவோ, இங்கிருக்கும் ஒருவர் மூலமாகவோதான் பெரும்பாலும் அவர் கணக்கில் பணம் ஏறும். அயல்நாட்டு எண்ணுக்குப் பேசக் கண்காணிப்பாளரிடம் தனி அனுமதி கேட்டு எழுதுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். குழந்தையை ஆறு வயது வரைதான் கூட வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இங்கே உறவு இல்லாததால், தாய்நாட்டில் யார் வளர்ப்பது என்பதை ஐந்து வயதிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

தண்டனையைச் சொந்த நாட்டில் கழிக்க 2003ஆம் ஆண்டு கைதிகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் சட்டம் இருக்கிறது. அந்த நாட்டோடு ஒப்பந்தம் வேண்டும் (இலங்கையோடு இருக்கிறது), தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் மனு நகராது. மேல்முறையீட்டை வாபஸ் வாங்குவதா என்பதை வக்கீல் சொல்லி அவரே முடிவெடுக்கட்டும்.

விடுதலை உத்தரவு வந்தாலும் வீட்டுக்குப் போய்விட முடியாது. பாஸ்போர்ட் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் கிடக்கும், அல்லது காலாவதியாகியிருக்கும். வெளியேறும் அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. அதுவரை வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் முகாமில் வாசம். தமிழ்நாட்டில் திருச்சி சிறப்பு முகாம் மத்தியச் சிறை வளாகத்திலேயே இருக்கிறது. விடுதலைக்கு நான்கு மாதம் முன்பே பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனு, தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், அபராதத் தொகை, டிக்கெட் பணம் இந்த நான்கையும் தொடங்கிவிடுங்கள். அபராதம் கட்டாவிட்டால் அதற்கும் கூடுதலாக உள்ளே இருக்க வேண்டும்.