பெண் பார்க்க வந்தார்கள், மருந்தை நிறுத்தினேன்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. வில்சன் நோய்க்காக (உடம்பில் செம்பு சேரும் பரம்பரை நோய்) ஆறு வருடமாக டி-பெனிசிலமின் கேப்சூல் சாப்பிடுகிறாள். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்கிறாள், அதனால் காலைச் சாயாவோடு கொடுக்கிறேன். அது தப்பா? பெண் பார்க்க வந்தவர்கள் நான்கு நாள் தங்கியதால் அப்போது மட்டும் கொடுக்கவில்லை. இப்போது அந்தக் கேப்சூலைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு எந்தக் குறையும் இல்லை.
- ஒரு தாய், கருங்கல்

பதில்: சாயாவோடு கொடுப்பது தப்புதான். உணவோடு போனால் இந்த மருந்தில் ஏறக்குறைய பாதி வீண். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ, வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். பால், வயிற்றெரிச்சல் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கூடச் சேரக் கூடாது. குமட்டல் தாங்கவில்லை என்றால் வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது அந்த நான்கு நாள். விருந்தாளி முன்னால் கேப்சூலை எடுக்கக் கூச்சம், அவ்வளவுதானே? இந்த மருந்தைச் சில நாள் விட்டுத் திரும்பத் தொடங்கும்போது காய்ச்சல், தடிப்பு என்று ஒவ்வாமை கிளம்புவதுண்டு. விட்டதை டாக்டரிடம் சொன்னீர்களா? இனி நாள் கணக்கில் விட்டுப்போனால் அவரிடம் கேட்காமல் திரும்பத் தொடங்காதீர்கள், இரட்டிப்பாகவும் கொடுக்காதீர்கள். தொந்தரவு இல்லை என்கிறீர்களே, அது மருந்து செய்யும் வேலை. ஈரலால் வெளியேற்ற முடியாத செம்பை இதுதான் சிறுநீரில் இறக்கிவிடுகிறது. நன்றாக இருக்கிறோம் என்று அடியோடு நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஈரல் செயலிழந்து, மாற்று ஈரல் வரை போனதுண்டு.

அந்த டப்பாவை இன்றே ஒழியுங்கள். பல சத்து மாத்திரைகளில் இரும்போடு செம்பும் இருக்கும்; கை மாறினால் எந்தச் செம்பை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே ஊட்டுவீர்கள். நள்ளிரவில் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே என்ன மருந்து என்று எதைக் காட்டுவீர்கள்? பெயரும் அளவும் அச்சான உறையோடுதான் இருக்க வேண்டும். டாக்டர் பி6 வைட்டமின் மாத்திரை எழுதியிருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள்.

ஒளிப்பதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். புகுந்த வீட்டிலும் அவள் அதையே செய்வாள். கர்ப்பமானால் பயந்து மொத்தமாக விட்டுவிடுவாள். கர்ப்பத்திலும் இந்தச் சிகிச்சை நிற்கக் கூடாது, அளவை டாக்டர் குறைப்பார். எனவே நிச்சயத்துக்கு முன்பே, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை. சொந்தத்தில் என்றால் மாப்பிள்ளைக்கும் மரபணுச் சோதனை வேண்டும்.

சிப்பி, ஈரல், அண்டிப்பருப்பு, செம்புக் குடத்துத் தண்ணீர் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாத ரத்தக்கட்டு, முகவீக்கம், நுரைத்த சிறுநீர் - இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பார்த்து ரத்த அணுக்களையும் சிறுநீரில் புரதத்தையும் சோதிக்க வேண்டும்.

மகனுக்குக் குறையில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உடன்பிறந்தவனுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, வெளியே தெரியாமலும் இருக்கும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, ஸ்லிட் லாம்ப் கருவியில் கண் பரிசோதனை, மகளின் மரபணு முடிவு கையில் இருந்தால் அதே சோதனை அவனுக்கும். இந்த மாதமே.