பெரிய தலைக்குக் குளிர்த் தொப்பி

கேள்வி: என் தலைச் சுற்றளவு 62 செ.மீ. கடைத் தொப்பி எதைப் போட்டாலும் நெற்றியை இறுக்குகிறது, இல்லாவிட்டால் காதுக்கு மேலே ஏறிவிடுகிறது. ஜனவரிப் பனிக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், நுவரெலியா

பதில்: ‘ஃப்ரீ சைஸ்’ என்று விற்பதை நம்பாதீர்கள். உள்ளே துணி வைத்துத் தைத்தவற்றையும் தவிருங்கள். வெளிப் பின்னல் இழுபட்டாலும் உள்துணி அவ்வளவு இழுபடாது. நெற்றியில் கோடு விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

பின்னத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டை புடைத்த இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்து, பின்னல் இழுபட்டுக் கொடுக்கும் என்பதால் அதில் 5 செ.மீ. குறையுங்கள். உங்களுக்கு 57. முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னச் சொல்லுங்கள். அதில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வந்தால் 114 கண்ணி தேவை. 2 நேர்க் கண்ணி, 2 எதிர்க் கண்ணி என மாறி மாறி வரும் ரிப் (வரிவரியான) பின்னல் 4-இன் மடங்கில் அமைய வேண்டும் என்பதால் 116 போடலாம். உயரத்தையும் மறக்க வேண்டாம்: 23 செ.மீ., விளிம்பை மடிக்க இன்னும் 6. காதுக்கு மேலே ஏறுவதற்குக் காரணம் இந்த உயரக் குறைவே.

பலரும் கெடுப்பது முதல் வரியில். அதை இறுக்கிப் போட்டால் மேலே எவ்வளவு தளர்வாகப் பின்னியும் பயனில்லை. அந்த வரிக்கு மட்டும் ஓரளவு தடித்த ஊசி எடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கியது அசல் கம்பளியா? குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, 20 செ.மீ. விட்டமுள்ள சட்டியைக் கவிழ்த்து அதில் மாட்டிக் காயவிடுங்கள், சற்று விரியும். அக்ரிலிக் நூலென்றால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். வெந்நீர் வேண்டாம், கம்பளி சுருங்கும்.