மைக் செட்காரர் பதில்கள்: கைக்குள் ஒரு மவுத் ஆர்கன்

(கோபிசெட்டிபாளையத்தில் 38 வருடமாக மைக் செட் கடை நடத்துபவர், பாட்டு, கருவி, ஒலி பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. போன இதழில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பேர்போன கலைஞர் லிட்டில் வால்டரின் மவுத் ஆர்கன் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். அதற்கு வந்த கடிதங்கள் இந்த முறை.)

கேள்வி: மவுத் ஆர்கன் விளையாட்டுச் சாமான், அதில் கமகம் வராது என்கிறார் எங்கள் பாட்டு வாத்தியார். நீங்கள் அதை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்களே? (கல்லூரி மாணவர், பெருந்துறை)

பதில்: வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது என்று சொல்லித்தான் ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி ஒதுக்கி வைத்தது. 1971 வரை உள்ளே விடவில்லை. மவுத் ஆர்கனும் அதே ரீடு வகைதான், அதாவது காற்றுப் பட்டால் அதிர்ந்து பேசும் மெல்லிய உலோகத் தகடு. ஆனால் ஆர்மோனியத்துக்குக் காற்று துருத்தியிலிருந்து வருகிறது, இதற்கு வாயிலிருந்து வருகிறது. அங்கேதான் கதை மாறுகிறது.

பத்துத் துளை மவுத் ஆர்கனில் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு ரீடு. ஒன்று ஊதினால் பேசும், இன்னொன்று உறிஞ்சினால் பேசும். உறிஞ்சிக்கொண்டே வாய்க்குள் 'ஈ' என்பதை மெல்ல 'ஊ' ஆக்கிப் பாருங்கள், நாக்கு பின்னால் போகும். அப்போது அந்தத் துளையின் இரண்டு ரீடும் சேர்ந்து அசைந்து சுரம் கீழே வழுக்கும். லிட்டில் வால்டரின் 'ஜூக்' பாட்டு ஈ சுருதி. அவர் கையில் இருந்ததோ ஏ சுருதி மவுத் ஆர்கன். ஏன் அப்படி? இரண்டாம் துளையை உறிஞ்சினால் அதில் பாட்டின் ஆதார சுரமான சட்ஜம் வந்துவிடும். மூன்றாம் துளையில் அந்தர காந்தாரத்தை அதற்கு அரைப்படி கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கு இறக்கலாம். நான்காம் துளையில் பஞ்சமத்தை அதற்கு அரைப்படி கீழே உள்ள பிரதி மத்யமம் வரை இழுத்துக்கொண்டு போகலாம். ப்ளூஸில் அழுகை ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. நம் கமகமும் இதுவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுரத்தைக் கட்டி வைக்காமல் நடமாட விடுகிற மனது ஒன்றுதான்.

நான் அவரை முதலில் கேட்டது 1991-ல். ஆலையில் இன்ஜினீயராக இருந்த ஒருவர் டேப் ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்தார், கேசட் உள்ளேயே இருந்தது. பெல்ட் மாற்றிவிட்டு ஓடுகிறதா என்று பார்க்கப் பட்டனை அழுத்தினேன். கடைப் பையன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இது சாக்ஸபோனுங்களா?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாமானை எடுக்க வந்தவர், "இல்லைங்க, மவுத் ஆர்கன்" என்று சொல்லி உள்ளங்கை நீளத்தைக் காட்டினார். இன்றைக்கு யோசித்தால் பையன் காது தப்பே செய்யவில்லை. லூயிஸ் ஜோர்டான் போன்றவர்களின் சாக்ஸபோன் பிடிகளைத்தான் வால்டர் மவுத் ஆர்கனில் கொண்டுவரப் பார்த்தார்.

கேள்வி: வீடியோக்களில் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி வாசிக்கிறார்கள். எங்கள் கோயில் விழாவில் நான் அப்படிப் பிடித்ததும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. அவர்களுக்கு மட்டும் ஏன் இடவில்லை? (விசைத்தறி உரிமையாளர், பல்லடம்)

பதில்: என் தொழில் கேள்வி. மனசாரச் சொல்கிறேன்.

மைக் தலையைப் பொத்திப் பிடிக்காதீர்கள் என்று மாரியம்மன் பண்டிகை மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இப்போது வரும் மேடை மைக் முன்பக்கச் சத்தத்தை வாங்கிப் பின்பக்கத்தை ஒதுக்கும். அதற்காகவே தலையின் பின்னால் காற்றுவழி வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால் மைக் நாலு பக்கமும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கரில் வருவதையும் சேர்த்து வாங்கும். அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும், மறுபடி மைக்குக்கு வரும். ஊளை அப்படித்தான் பிறக்கிறது. உங்கள் மேடையில் ஆளுயரக் குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றிருக்கும். அவர்களோ சின்ன கிட்டார் ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு, வால்யூமை ஊளைக்கு ஒரு நூல் கீழே நிறுத்திக்கொள்வார்கள். ஸ்பீக்கரை விட்டு நாலடி தள்ளி நின்று, வால்யூமைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொத்திப் பிடித்தால் கூர்மையான மேல்சத்தம் அடங்கி நடுச்சத்தம் பெருக்கும். உள்ளங்கைக்குள் அடைபட்ட காற்று மைக்கை அமுக்க, கண்ணாடிக் குழல் வைத்த பழைய வால்வு ஆம்ப்ளிபயர் அதன் அளவுக்கு மேல் வாங்கிக் கரகரக்கும். கல்யாண வீட்டில் அந்தக் கரகரப்பு வந்தால் நான் ஓடிப்போய் வால்யூமைக் குறைப்பேன். வால்டர் அதைக் கூட்டி வைத்துக்கொண்டார். விரல்களை மெதுவாகத் திறந்து மூடுவார், 'வா' என்று வாய் திறப்பது போல் சத்தம் விரியும். மைக்கும் ஆம்ப்ளிபயரும் மவுத் ஆர்கனின் சத்தத்தை வெளியே கொண்டுபோகும் சாமான் என்று எல்லாரும் நினைத்திருக்க, இவருக்கு அவை வாத்தியத்தின் மற்ற பாதி. நான் 38 வருடம் தொட்டுப் புழங்குகிற சாமானுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று சிகாகோவில் ஒரு மனுசர் 1952-லேயே காட்டிவிட்டார். அந்த மரியாதையில்தான் இந்தப் பகுதியில் அவர் பேரை அடிக்கடி எழுதுகிறேன்.

வித்தியாசம் உங்களுக்கே தெரிய வேண்டுமா? வால்டர் முதலில் யார் கோஷ்டியில் வாசித்தாரோ அந்த ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1950-ல் பதிவு செய்த 'லூசியானா ப்ளூஸ்' கேளுங்கள். அதில் வால்டர் வெறும் மவுத் ஆர்கனாக, மைக்குக்குத் தள்ளி வாசிக்கிறார். அது முடிந்ததும் 'ஜூக்' போடுங்கள். ஆள் ஒன்றுதான், வாத்தியம் வேறாகிவிட்டிருக்கும்.

கேள்வி: லிட்டில் வால்டர் இப்போது இருக்கிறாரா? (வாசகி, கொடுமுடி)

பதில்: இல்லைங்கம்மா. 1930-ல் லூசியானாவின் மார்க்ஸ்வில்லில் பிறந்தவர். இயற்பெயர் மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ். 1952 மே மாதம் பதிவான 'ஜூக்' பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஆர் அண்டு பி (ரிதம் அண்டு ப்ளூஸ்) பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1955-ல் 'மை பேப்' மறுபடி முதலிடம். 1968 பிப்ரவரி 15 அன்று, தெருச் சண்டையில் பட்ட அடிக்குப் பிறகு தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 37. அவர் புதைகுழிக்கு மேல் பேர் பொறித்த கல் வந்தது 1991-ல்தான். நான் அந்தக் கேசட்டைக் கேட்ட அதே வருடம்.

கேள்வி: இங்கிலீஷ் பாட்டு எனக்குப் புரியாது. எதைப் பிடித்துக்கொண்டு ரசிப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காங்கேயம்)

பதில்: ஐயா, நீங்கள் அண்ணன்மார் கதைக்கு உடுக்கடிப் பாட்டு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். அந்தக் காதே போதும். பாட்டுக்காரர் ஓரடி பாடி நிறுத்துவார், உடுக்கை பதில் சொல்லும். கயிற்றை இறுக்கினால் 'ங்ஙூம்' என்று சத்தம் மேலே ஏறும், விட்டால் இறங்கும். பொன்னர் சங்கர் விழுகிற இடத்தில் அந்த உடுக்கை அழுவதைக் கேட்டு என் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வார்த்தை பாதி புரியாது. உடுக்கை முழுசாகப் புரிந்தது.

அதே காதோடு மட்டி வாட்டர்ஸின் 'ஹூச்சி கூச்சி மேன்' கேளுங்கள், 1954 பதிவு. மொத்தக் கோஷ்டியும் ஒரு தட்டுத் தட்டி நிற்கும், பாட்டுக்காரர் ஒரு வரி சொல்வார், மறுபடி தட்டு. அந்தத் தட்டில் வால்டரின் மூச்சும் இருக்கிறது. பாட்டுக்காரருக்கு வழிவிட்டு, வரி முடிந்ததும் உள்ளே வருவார். தனிக் கோஷ்டி வைத்து, பேர் எடுத்த பிறகும் பழைய தலைவருக்கு இப்படிப் பக்கவாத்தியம் வாசித்தாரே, அந்தக் குணம் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

அப்புறம் தாளம். பெரும்பாலும் நாலு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு, மொத்தம் 48 தட்டு, பிறகு முதலிலிருந்து. ஆவர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் தட்டியபடி 'ஜூக்' கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு சின்னப் பிடியையே திரும்பத் திரும்ப ஊன்றுவார், நடுவில் ஓரிடத்தில் கோஷ்டி நின்று நின்று தட்ட, அந்த இடைவெளியில் இவர் மட்டும் ஓடுவார். ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, வால்டரின் 'ப்ளூ லைட்ஸ்' கேளுங்கள். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மவுத் ஆர்கனை மாற்றி மாற்றி எடுக்கிறார். எங்கே மாற்றினார் என்று கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகள் மவுத் ஆர்கன் கேட்கிறாள். எதை வாங்குவது? (தாய், திருப்பூர்)

பதில்: பத்துத் துளை, சி சுருதி. கடையில் இரண்டு வரிசைத் துளையோடு நீளமாக, மினுமினுப்பாக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது ட்ரெமலோ. சினிமாப் பாட்டுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் சுரத்தை வளைக்க அது தோதுப்படாது. வாங்கிய பிறகு முதல் வாரம் பாட்டெல்லாம் வேண்டாம் அம்மணி. நான்காம் துளையை மட்டும் உறிஞ்சச் சொல்லுங்கள், மெதுவாக, சுடுகாப்பியை உறிஞ்சுகிற அளவுக்கு. பலமாக இழுத்தால் ரீடு கெட்டுவிடும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் எடுக்க விடாதீர்கள். சத்தம் ஒருநாள் தானாக வழுக்கும். அந்தச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணிக் கேட்க வையுங்கள், கடை நம்பர் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது.