வழக்கு முடிந்தும் காதில் நிற்கும் சண்டை

கேள்வி: அக்கா, நான் தொழில்முறை மத்தியஸ்தர். சொத்துக்காக முறைத்துக்கொள்ளும் அண்ணன் தம்பி, கடைப் பங்காளிகள் என்று தினமும் யாராவது எதிரெதிரே உட்கார்ந்து கத்துவார்கள், நடுவில் நான் சிரித்த முகமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் குரல் காதை விட்டுப் போவதில்லை. ரகசியம் காக்க வேண்டிய தொழில், மனைவியிடம்கூட வாய் திறக்க முடியவில்லை. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், தெம்பனிஸ்

பதில்: தம்பி, உங்கள் பாரத்தில் பாதி அந்த ரகசியத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சிங்கப்பூரின் 2017ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் பேச்சில் வந்ததை வெளியே விடக்கூடாது என்கிறது, சரி. ஆனால் உங்கள் மனநிலை யாருடைய ரகசியமும் இல்லையே! "இன்றைக்கு ஒருத்தர் மேசையைத் தட்டினார்" என்பதை விடுங்கள். "இன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்" என்று மனைவியிடம் தாராளமாகச் சொல்லலாம். பாவம், அவரும் நீங்கள் ஏன் உம்மென்று இருக்கிறீர்கள் என்று தெரியாமல்தான் தவித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது தனிச் சந்திப்பு, அதாவது இரு தரப்பையும் தனித்தனி அறையில் பார்த்துப் பேசுவது. அண்ணன் ஓர் அறையில் கொட்டுவார், தம்பி இன்னோர் அறையில் கொட்டுவார், எதை எங்கே சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று மூளை ஓயாமல் கணக்குப் போடும், ஆளைக் களைத்துப் போக வைப்பது கத்தலைவிட இதுதான். எழுந்திருக்கும் முன் "இதில் எதை நான் அங்கே சொல்லலாம்?" என்று அவரையே கேட்டு, அவர் கண்முன்னே தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இல்லாததை அந்த அறையிலேயே விட்டுவிடலாம். வழக்கு முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

உடன்பாடு ஏற்படாத நாளில் உங்களையே திட்டிக்கொள்வீர்கள் என்றும் நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல நீங்கள் நாட்டாமை இல்லை. அவர்கள் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் அது அவர்கள் முடிவு.

பெரிய குடும்பத் தகராறு என்றால் இன்னொரு மத்தியஸ்தரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், இணை மத்தியஸ்தம் ஒன்றும் புதிதில்லை. அப்புறம் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் நமக்குக் கோபம் வந்தது, யார் பக்கம் மனம் சாய்ந்தது என்று பேசலாம். அவருக்கும் அதே வழக்குதான், ரகசியம் வெளியே போகாது.

தூக்கமே வராமல் இழுத்துக்கொண்டு போனால் தேசிய மனநல உதவி எண்ணான 1771க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். அதற்கு முன் அடுத்த வார அட்டவணையைத் திறந்து பாருங்கள்: ஒரே நாளில் இரண்டு சொத்துத் தகராறு இருந்தால் ஒன்றை இப்போதே தள்ளிப் போடுங்கள்.