யாழினி: ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ போடுவதா, ‘எல்’ போதுமா?

கேள்வி: மகளுக்கு யாழினி என்று பெயர் வைக்கிறோம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு எது சரி? முதலில் ஒரு ‘ஏ’ போடுவதா, இரண்டா?

‘இசட்-எச்’ போடுங்கள், ‘ஏ’ ஒன்று போதும். ஒய்-ஏ-இசட்-எச்-ஐ-என்-ஐ. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்கு இதுதான் தொல்லை குறைவு.

தமிழ்நாட்டையே ‘எல்’ போட்டுத்தானே எழுதுகிறோம் என்பார்கள். அது பழைய வழக்கு, எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் தப்பிக்கிறது. ‘எல்’ போட்டால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்பவரோ மென்பொருளோ யாலினி என்றோ யாளினி என்றோ ஆக்கிவிடும். ‘இசட்-எச்’ பார்த்தால் கனிமொழி, கோழிக்கோடு பழகிய கண் நேராக ழகரத்துக்குப் போகும்.

வெளிநாட்டில் வளரும் குழந்தை என்றால் கதை வேறு. லண்டன் டீச்சர் ‘இசட்’டை அப்படியே வாசிப்பார். அதைவிட யாலினி என்ற ஒலி எவ்வளவோ கிட்ட. அங்கே ‘எல்’ நியாயமான தேர்வுதான். ஈழத்து வழக்கில் ‘ஆர்-எல்’ கூட உண்டு, யாழ்தேவி ரயிலின் பெயரை அப்படி எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பெண் பெயருக்கு அதை நான் சொல்ல மாட்டேன், ‘யார்லினி’ ஆகிவிடும்.

இரட்டை ‘ஏ’ நெடிலைக் காட்டும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் ஒற்றை ‘ஏ’வையே யா என்றுதான் வாசிப்பார்கள், கூடுதல் எழுத்து ஏதாவது ஒரு படிவத்தில் விழுந்துவிடும். உச்சரிப்பைக் காட்ட எழுத்தைக் கூட்டுவது நிலைப்பதும் இல்லை: 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துச் சொச்சம் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி, சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும்.

பெரும்பாலும் இரட்டை எழுத்து வருவது நியூமராலஜியால். அதில் ஒரு முறையான கல்தேயக் கணக்கில் ‘இசட்-எச்’ போட்ட பெயரின் மொத்தம் 21, கூட்டினால் 3. ‘எல்’ போட்ட பெயருக்கு 12, அதுவும் 3. ‘இசட்-எச்’ பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் 22, அதாவது 4. வீட்டுப் பெரியவர்கள் 3 கேட்டால் ஒற்றை ‘ஏ’விலேயே கிடைத்துவிடுகிறது, சண்டை வேண்டாம்.

முடிவாகவில்லையா? பிறப்பைப் பதியும்போது பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமலும், பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்: எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், மனம் மாறியதற்காக மாற்ற மாட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். ஆதாரிலும் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்.

சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘எச்-இசட்’ என்று இடம் மாறுவதும், கடைசி ‘ஐ’ இரண்டு ‘ஈ’ ஆவதும்தான் வழக்கமான பிழை. இனிஷியலையும் இப்போதே யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும், அப்போது அப்பா பெயரின் எழுத்தும் அவருடைய ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும்.