செம்பருத்தி ஏன் சிவப்புத் திட்டாகிறது?

கேள்வி: மாடித் தோட்டத்துச் செம்பருத்தியைச் செல்போனில் எடுத்தால் இலைகள் தெளிவாக விழுகின்றன, பூ மட்டும் நரம்பு, மடிப்பு எதுவும் இல்லாத சிவப்புத் திட்டாகிவிடுகிறது. புதுக் கேமரா வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பணத்துக்கு மண்புழு உரம் வாங்குங்கள். கேமரா வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து அளக்கிறது. வெயிலில் செம்பருத்தியின் சிவப்பு மட்டும் அளவு கடந்து நிரம்பிவிடும். நிரம்பிய இடத்தில் நரம்பேது, மடிப்பேது?

திரையில் பூவைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே சூரியக் குறி தோன்றும். இலைகள் சற்று இருண்டு தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். நடுத்தண்டின் மஞ்சள் மகரந்தப் பைகள் தனித்தனியாகத் தெரிந்தால், அதுதான் அளவு. வெயில் ஏறுமுன் எடுப்பது உத்தமம். ஏறிவிட்டதா? கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைப் போட்டு, பூவின்மேல் நிழல் விழச் செய்யுங்கள். பச்சை நிழல்வலை வேண்டாம். பூவின் நிறத்தையே கெடுத்துவிடும்.

பூவை முட்டுகிற அளவுக்குப் போனை நீட்டாதீர்கள். ஓரடி தள்ளி நின்று இருமடங்கு ஜூம் வையுங்கள். தண்ணீர் தெளித்துப் பனித்துளி என்று காட்டும் வித்தை எனக்கு ஆகாது, உங்கள் விருப்பம்.